நாற்பத்திரண்டு குல்லாக்களும் ஒரு மதினியும்

கேள்வி: மூணாறில் வசிக்கிறேன். வயது 61. எஸ்டேட் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கயத்தாறு பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணியோடு மலையேறி வந்த குடும்பத்தில் நான் நான்காம் தலைமுறை. பாட்டி ஒரு துரைசாணி வீட்டில் ஆயாவாக இருந்தபோது கற்ற பின்னல் வேலை அம்மாவுக்கும், பிறகு எனக்கும் வந்தது. மழைக்காலம் முழுவதும் ஒன்பது பெண்கள் என் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து பின்னுவோம். கடைத்தெருவில் நூலுக்குப் பணம் திரட்டி, குளிர் தொடங்குமுன் பச்சைக் குழந்தைகளுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் கொடுப்பது ஏழு வருடப் பழக்கம்.

இந்த ஆண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் அதிகம். அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் குளிருக்குப் போட ஒன்றும் இல்லை என்று ஆஷா பணியாளர் சொன்னார். அவர்களுக்குக் கொடுப்போம் என்றேன். என் மதினி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அவர்கள் பங்களாதேஷ்காரர்கள். நம் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்கியது போதாதா? எல்லையில் நிற்கும் ஜவான்களுக்கு அனுப்புவோம். அதில் தேசபக்தியாவது இருக்கும்" என்றார். குழுவில் இருக்கும் ஒரே மலையாளியான சேச்சிக்குக் கோபம் வந்து, "நீங்கள் எல்லோரும்கூட இங்கே வந்தேறியவர்கள்தானே" என்று சொல்லிவிட்டார். அதோடு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இருபது நாட்களாக 42 குல்லாக்களும் மீதி நூலும் என் பெட்டியில் கிடக்கின்றன. மதினியின் சித்தி மகள் குடும்பம் 2020-ல் பெட்டிமுடி மண்சரிவில் போய்விட்டது. அதனால் அவரைக் கடிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. அன்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. குல்லாக்களை யாருக்குக் கொடுப்பது? குழுவை எப்படிச் சேர்ப்பது?

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்களைவிட நான் மூன்று வயது இளையவள். கம்பத்துக்காரி வேறு. 'மேடம்' என்று எழுதக் கை வரவில்லை.

குல்லாக்களைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். லயத்துக்குக் கொடுங்கள். கடைத்தெருவில் பணம் கேட்டபோது குளிரில் நடுங்கும் குழந்தைகளுக்கு என்று சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். கொடுத்த கடைக்காரர்களில் தமிழரும் இருப்பார், மலையாளியும் இருப்பார். எந்தக் குழந்தை, யார் பெற்ற குழந்தை என்று அவர்கள் கேட்கவில்லை. பணத்தை வாங்கிய பிறகு 'நம்முடைய' என்ற சொல்லை நடுவில் செருக உங்கள் குழுவுக்கு உரிமை கிடையாது. இது கணக்கு வழக்கு. இதற்குள் தேசமும் மொழியும் வர வேண்டிய அவசியமே இல்லை. யாராவது சொந்தக் காசில் நூல் வாங்கிப் பின்னியிருந்தால், அதை அவர் விரும்பிய இடத்துக்குக் கொடுக்கட்டும்.

ஜவான்களுக்கு அனுப்பும் யோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபத்தில் மதினி அளவை மறந்துவிட்டார். பிறந்த குழந்தைக்குப் பின்னிய குல்லா எந்த ஜவானின் தலையில் ஏறும்? ஆனால் அந்த எண்ணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1962-ல் சீனப் போர் வந்தபோது நம் வீரர்கள் சரியான குளிர் உடை இல்லாமல் இமயமலையில் நின்றார்கள். நாடு முழுவதும் பெண்கள் ஊசியை எடுத்து அவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரப் பெண்கள் படைக்காகச் சாக்ஸ் பின்னினார்கள். சாக்ஸின் முனையைத் தையல் கண்ணுக்குத் தெரியாதபடி இணைக்கும் முறைக்கு இன்றும் கிச்சனர் என்றுதான் பெயர். அப்போது பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்தவர் அவர். அதற்கு முன்பு இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவரும் அவரேதான். நாட்டுக்காகப் பின்னுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. மதினிக்கு மனம் இருந்தால் தன் நூலில் மஃப்ளர் பின்னட்டும். ஒரு குழந்தைக்கு இல்லை என்று சொல்வதற்கு ஜவானைத் துணைக்கு அழைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜவானுக்கே அது பிடிக்காது.

இவ்வளவுதான் சிக்கல் என்றால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் கடிதம் குல்லாவைப் பற்றியதே அல்ல, மதினியைப் பற்றியது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மறுநாள் மாலை கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. லயத்தில் தூங்கியபடியே இறந்தவர்களின் குடும்பத்துக்கு 5 லட்சம். இரண்டு அறிவிப்பும் ஒரே வாரத்தில் வந்தன. செத்த பிறகும் தன் ஆட்களுக்குப் பாதி விலைதான் என்று காதால் கேட்டவர் உங்கள் மதினி. அவர் கொடுக்கும் நேரத்தில் கையை மூடிக்கொள்வது எனக்கு வியப்பாக இல்லை.

வேலையைப் பிடுங்கினார்கள் என்கிறாரே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு கடைத்தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த தோட்டத்துப் பெண்களை நீங்கள் இருவருமே பார்த்திருப்பீர்கள். மதினி அவர்களோடு உட்கார்ந்துகூட இருந்திருக்கலாம். அப்போது நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆக்கியிருந்தார்கள். கட்சிக்காரர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடாமல் பெண்களே நடத்திய போராட்டம் அது. போனஸ் கணக்கில் அந்த 20 சதவீதத்தை வாங்கிவிட்டார்கள். கேட்ட 500 ரூபாய் கூலி மட்டும் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கூலியை நம்பிப் பிள்ளைகள் மலையில் நிற்பார்களா? திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்கிப் போனார்கள். போகட்டும் என்று படிக்க வைத்ததே நீங்கள்தான், டீச்சரம்மா! அவர்கள் விட்டுப்போன லயத்தில்தான் ஜார்க்கண்ட் குடும்பம் குடிவந்தது. இது மதினிக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கூலியை நிர்ணயிப்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. குழாயடியில் வேற்று மொழி பேசிக்கொண்டு குடத்தோடு நிற்கும் பெண் தினமும் படுகிறாள்.

இதையெல்லாம் சொல்வதால் மதினியின் பேச்சை நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கப்பட்டவர் சொன்னாலும் பொய் பொய்தான். ஜார்க்கண்டுக்கும் பங்களாதேஷுக்கும் பொது எல்லையே கிடையாது, நடுவில் மேற்கு வங்காளம் இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் முன்னோர்கள் இன்று ஜார்க்கண்டாக இருக்கும் சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் ஆள்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். உங்கள் கங்காணிக் கதைதான், வேறு மலையில் நடந்தது. கேரளத்தில் வடக்கிலிருந்து வரும் தொழிலாளி யாராக இருந்தாலும் 'பெங்காலி' என்கிறார்கள். வடக்கே நாம் எல்லோரும் 'மதராஸி' ஆனதைப் போல.

'பங்களாதேஷ்காரர்' என்பது அதைவிட மோசமான சொல். அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர் இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் தீர்ப்பாயமும் தடுப்பு முகாமும் இருக்கின்றன. உங்கள் முன்கட்டில் யாரோ டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். அசாமிலிருந்து வந்த ஒரு தாய்க்கு அதைக் கேட்டால் வயிறு கலங்கும்.

காகிதம் கேட்பதன் வலி தோட்டத்துத் தமிழருக்கும் தெரியும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன எத்தனை வீட்டுப் பிள்ளைகளிடம், உங்கள் குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்! கூடையோடு மலையேறிய பாட்டி என்ன பத்திரத்தை எழுதி வைத்துவிட்டுப் போனாள்?

இந்த இடத்தில் எனக்கே ஓர் ஆசை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டின் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழி. 'நான்' என்பதற்கு அவர்கள் 'ஏன்' என்கிறார்கள், 'நீ' என்பதற்கு 'நீன்'. 'பார்த்தீர்களா மதினி, அவர்களும் நம் உறவுதான்' என்று சொல்லிவிட்டால் வேலை எவ்வளவு சுலபமாக முடிந்துவிடும்! எழுதி வைத்திருந்த அந்த வரியை அடித்துவிட்டேன். அப்படிச் சொன்னால், உறவாக இருப்பதால் கொடுக்கிறோம் என்றாகிவிடும். பக்கத்து அறையில் வங்காளி பேசும் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் குளிர் கம்மியா? போகட்டும், இந்தத் தகவலைச் சும்மா ரசிப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையில் எதுதான் உள்ளூர்ச் சரக்கு? நீங்கள் பிடித்திருப்பது போனி ஊசியாக இருந்தால் அது நீலகிரி கேத்தியில் செய்தது. நூல் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்திருக்கும். கைப்பழக்கம் துரைசாணி கொடுத்தது.

அடுத்து சேச்சி. அவர் குழந்தைகள் பக்கம் நின்றார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் கையில் எடுத்த கம்பு மதினி எடுத்த அதே கம்புதான். யார் முன்னால் வந்தது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால், 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தபோது அங்கே வாழ்ந்துகொண்டிருந்த முதுவர் பழங்குடி மக்களைத் தவிர மற்ற எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சேச்சி முதல் ஆளாகக் கட்ட வேண்டியிருக்கும். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 'குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது' என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்றும் அடிபடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் பெருந்தன்மை என்பார்கள், பாதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கோடு போட்டு எழுபது வருடம் ஆகப்போகிறது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நின்றாலும் 'நீ வெளியாள்' என்ற சொல் மட்டும் நமக்குச் சட்டென்று வாய்க்கு வந்துவிடுகிறது. சேச்சியிடம் தனியாக, சிரித்துக்கொண்டே, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

பின்னல்காரப் பெண்கள் இந்த விஷயத்தில் அடித்துக்கொள்வது புதிதல்ல. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பின்னல் உலகில் பெயர் பெற்ற ஒரு பெண், தனக்கு இந்தியா போகும் வாய்ப்புக் கிடைத்தது செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் வாய்ப்பைப் போல இருக்கிறது என்று உற்சாகமாக எழுதினார். வெள்ளையர் அல்லாத பின்னல்காரர்களுக்கு அது உறுத்தியது. நூலையும் ஊசியையும் மட்டும் பேசுங்கள், இங்கே எதற்கு நிறம், இனம் என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. சண்டை வெகுநாள் ஓடியது. எழுதியவர் கடைசியில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கதையில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் நாம்தான் அக்கா. நீங்கள், நான், சேச்சி, மதினி எல்லோரும் ஒரே கிரகம்.

இனி உங்கள் மௌனம். இதைப் பற்றி ஆலோசகராகச் சொல்ல எனக்குத் தகுதி கம்மி. காரணத்தைக் கேளுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த நம் பெண்கள் மிரட்டலுக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். அந்தக் கோபத்தில் இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளை அடித்தார்கள். என் வீட்டுக்கு எதிரே ஒரு மலையாளியின் பேக்கரி இருந்தது. கல் விழும்போது நான் மாடியில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கல்லெறிந்த பையன்களில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். தேர்வுப் பயம் என்று அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்த பையன். ஜன்னலைத் திறந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும், ஓடியிருப்பான். நான் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடை திறந்தது. போய் நெய் பிஸ்கட் வாங்கினேன். அவர் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாகப் போட்டார். ஏன் போட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம். சில வருடங்களுக்குப் பிறகு கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எத்தனை நாள் தள்ளிப்போட்டாலும் பேசிவிடுங்கள் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், எதிர்க்கடைக்குப் போய்ப் பேசவில்லை. உங்களுக்கு இருபது நாட்கள்தான் ஆகியிருக்கின்றன.

மதினி வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள், குல்லாப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முதலில் சித்தி மகளைப் பற்றிக் கேளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேசினால் துக்கம் கிளறும் என்று நினைத்துச் சுற்றியிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். துக்கப்பட்டவர் அதை 'எல்லோரும் மறந்துவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்வார். அழட்டும், நேரம் ஆகட்டும். அன்றே முடியாவிட்டால் இன்னொரு நாள் போகலாம். பிறகு இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "மதினி, அன்று நீங்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு. குல்லாக்களை லயத்துக்குக் கொடுக்கப்போகிறேன்."

அதற்கு மேல் வாதம் வேண்டாம். 1950, குடிமக்கள் பதிவேடு, குருக் மொழி எல்லாம் உங்களுக்காக எழுதினேன், மதினியிடம் ஒப்பிக்க அல்ல. என் முப்பது வருடத் தொழிலில் வாதத்தில் தோற்றதால் மனம் மாறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போனால் போகட்டும். இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு வெற்றிலையை நீட்டும் மதினிகள் எங்கள் வீட்டிலும் உண்டு. அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஜனவரி உறைபனி மதினிக்காக நிற்காது.

குழுவைக் கூட்டிச் சமாதானக் கூட்டம் போட வேண்டாம். கூட்டம் என்றால் ஆளுக்கொரு கட்சி வந்துவிடும். வழக்கமான நாளில் வழக்கமான நேரத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு நீங்கள் பின்ன உட்காருங்கள். இரண்டு பேர் வந்தாலும் டீ போடுங்கள்.

கொடுப்பதைப் பற்றி, கேட்காமலேயே சில வார்த்தைகள். ஆஷா பணியாளரிடம் லயத்தில் உள்ள கைக்குழந்தைகள் எல்லோருடைய கணக்கையும் கேளுங்கள், தமிழ் வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துத்தான். வடக்கத்தியருக்குத் தனியாக ஒரு நாள், தனியாக ஒரு வரிசை வைத்தால் மதினி சொன்ன அதே பிரிவினையை நீங்கள் புண்ணியமாகச் செய்ததாகிவிடும். போட்டோ வேண்டாம். வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள். அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம், அல்லது கொடுக்க வந்தவர்களின் முகம் பிடிக்காமல் போயிருக்கலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

குல்லாவில் கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடாவும், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்படியான பொத்தானும் இருந்தால் எடுத்துவிடுங்கள். நூல் அக்ரிலிக் என்றால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். லயத்து அடுப்படியில் குழந்தையை மடியில் வைத்துக் குளிர்காய்கிறவர்களிடம் இதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் 'பெட்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் தோன்றியது. பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே அந்துருண்டை போட்டிருக்கிறீர்களா? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்துருண்டை நெடி ஏறிய துணியைப் போட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரை போய்விடலாம் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். போட்டிருந்தால் நாற்பத்திரண்டையும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நெடி போகும்வரை வெயிலில் காயப்போடுங்கள். மூணாறில் வெயில் கிடைக்காவிட்டால் போடி பஸ்ஸில் ஏற்றி விடுங்கள். இங்கே என் மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது.